பின் சஸ்பென்ஷன் பழுது: அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்து வீட்டு வாசலிலேயே சரிசெய்யும் முறை

காரின் பின்பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று சொன்னவுடன் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிடுவதுதான் பல பட்டறைகளின் வழக்கம். என் வண்டிக்கும் ஓரிடத்தில் அதைத்தான் செய்தார்கள். புது ஷாக் போட்டு, கூலியும் கொடுத்து, சேலம் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு மலையின் அடிவாரம் சேர்வதற்குள் அதே ‘டக், டக்’ மறுபடியும் கேட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிக்கியைக் காலி செய்தபோதுதான், ஸ்டெப்னியை அழுத்திப் பிடிக்கும் திருகு இரண்டு சுற்று தளர்ந்திருந்ததைப் பார்த்தேன். கையாலேயே இறுக்கினேன், சத்தம் நின்றுவிட்டது. அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான்: முதலில் அறிகுறி, அடுத்து சோதனை, அதற்கும் பிறகே ஸ்பானர்.

பின்பக்கத்துச் சத்தம் ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு. ஹேட்ச்பேக் கார்களில் டிக்கியும் உட்புறமும் ஒரே தகரப் பெட்டி. அதன் எந்த மூலையில் தட்டினாலும் பெட்டி முழுவதும் ஒலிக்கும். இடது சக்கரத்தில் எழும் சத்தம் வலது காதுக்குப் பக்கத்தில் கேட்பது சாதாரணம். ஆகையால் காதை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது. கையும் கண்ணும் அளவு நாடாவும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது, முன்சக்கரங்கள் இழுத்து ஓடும் சிறிய கார்களை முன்வைத்து எழுதியது. இவற்றில் பெரும்பாலானவற்றில் ஆக்ஸில் என்னும் ஒரே இரும்புச் சட்டம் இரு பின்சக்கரங்களையும் இணைக்கிறது. அதன் முன்முனைகள் இரண்டும் புஷ் எனப்படும் பெரிய ரப்பர் உருளை வழியாக வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும். ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும். இவை எல்லாம் சேர்ந்ததே பின் சஸ்பென்ஷன். இந்த வேலைப் பிரிவினையை மனத்தில் நிறுத்திக்கொண்டாலே பாதித் தவறு குறைந்துவிடும், ஏனென்றால் வண்டி தாழ்ந்து நிற்கிறது என்று ஷாக்கை மாற்றுகிறவர்களும், வண்டி ஆடுகிறது என்று ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்களும் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தொடங்கும் முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் நின்றால், கீழே வரும் முறையை வீட்டிலேயே செய்யலாம். ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே அமைந்து இரண்டும் ஒரே தூணாக இருந்தால், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் தூணின் நடுத் தலையில் உள்ள நட்டைத் தொடவே கூடாது. அந்த நட்டு கழன்ற கணமே ஸ்பிரிங் முழு விசையோடு தெறிக்கும். அத்தகைய வண்டியில், தூணை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளை மட்டும் எடுத்து, தூணை அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

மலைப்பாதையே ஒரு சோதனைக் கூடம்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குள் 1,500 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடுகிறோம். ஏறும்போது வண்டியின் எடை பின்னோக்கிச் சாய்வதால் ஸ்பிரிங், கடைசி அடியைத் தாங்கும் கட்டையான பம்ப் ஸ்டாப்பர் ஆகியவற்றின் குறைகள் வெளியே வரும்; பின்னிருக்கையில் மூன்று பேர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இறங்கும்போது பிரேக்கை அழுத்த அழுத்த எடை முன்பக்கம் போய்விட, பின்பக்கம் இலேசாகிவிடுகிறது. ஷாக் தளர்ந்திருந்தால் பின்சக்கரங்கள் அந்த நேரத்தில் சாலையைவிட்டுத் துள்ளும், ஆக்ஸில் புஷ் கிழிந்திருந்தால் பின்பக்கம் தனியே ஒரு பக்கம் ஒதுங்குவது போல இருக்கும். எனவே ‘சத்தம் வருகிறது’ என்பதைவிட ‘ஏறும்போது வருகிறது, இறங்கும்போது இல்லை’ என்ற வாக்கியம் நூறு மடங்கு பயனுள்ளது.

ஆனால் இது ஓட்டுநர் செய்யும் சோதனையல்ல. பின்னிருக்கையில் இருப்பவர் கைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து, வேகம், சாலையின் தன்மை, வளைவு இடமா வலமா, வண்டியில் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுகிறவர் சாலையை மட்டும் பார்க்க வேண்டும். பின்பக்கம் ஒதுங்கும் அறிகுறி ஏற்கெனவே இருக்கிறதென்றால், மலைக்கு ஏறாமல் சமதளத்திலேயே சோதனையை முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தை நீங்கள் தூக்கிய மறுகணம் அந்தப் பிடிப்புக்கு மதிப்பே இல்லை. வண்டியை முதல் கியரில் நிறுத்தினால் முன்சக்கர இழுவை உள்ள காரில் ஓரளவு பிடிப்பு கிடைக்கும். பின்சக்கர இழுவை உள்ள வண்டியில் அதுவும் இல்லை. ஆகவே இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரத்தாலான முட்டுக்கட்டைகளை இறுகச் செருகுங்கள். உருண்டைக் கல் உதவாது. அது வண்டியோடு சேர்ந்து தானும் உருளும்.

தரை சமதளமாகவும் கான்கிரீட்டாகவும் இருக்க வேண்டும். ஏற்காட்டில் பல வீடுகளின் வாசல் சரிவாகவே அமைந்திருக்கும். மழைக்காலத்தில் பாசியும் சேர்ந்துவிடும். அங்கே இந்த வேலையைத் தொடங்காமல், சேலத்தில் உறவினர் வீட்டு போர்ட்டிகோவைக் கடன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வண்டியோடு வரும் ஜாக்கி, டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். தூக்கிய வண்டியைத் தாங்க, எடை குறிக்கப்பட்ட இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டு வேண்டும். கையேட்டில் ஜாக்கி வைக்கச் சொல்லியிருக்கும், உடலின் ஓரத்து வலுவான மடிப்பின் கீழ் அவற்றை வைக்க வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து எச்சரிக்கை தராது. ஒரே நொடியில் பொடியாகும். கழற்றிய சக்கரங்களை வண்டியின் உடலுக்குக் கீழ் படுக்கப் போட்டு வைத்தால் இரண்டாவது காவலாகும். வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகு தூக்குங்கள். துருத் தூள் கண்ணில் விழும் என்பதால் கண்ணாடி அணியுங்கள். வீட்டில் வேறொருவர் கூப்பிடு தொலைவில் இருக்கட்டும்.

அறிகுறி: சிறு குழிகளில் ‘டக், டக்’

முதலில் டிக்கி. ஸ்டெப்னி, ஜாக்கி, அதன் கம்பி, பின்னிருக்கைச் சாய்மானத்தின் கொக்கி, பொருள் தட்டு, டிக்கிக் கதவின் பூட்டு, அடியில் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள் ஆகிய அனைத்தையும் பார்த்த பிறகே சஸ்பென்ஷன் பக்கம் திரும்ப வேண்டும். அடுத்து, ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் மிக மெதுவாகப் போகும்போது ஹேண்ட் பிரேக்கை இரண்டு பல் மட்டும் இழுத்துப் பாருங்கள். சத்தம் அப்போது நின்றுவிட்டால், குற்றவாளி பிரேக் டிரம்முக்குள் இருக்கிறது. பிரேக் ஷூவோ அதன் சிறு ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது.

இவை எதுவும் இல்லையென்றால் ஷாக்கின் மேல்முனையைச் சோதியுங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் டிக்கியின் பக்கவாட்டு மூடியை அகற்றினால் ஷாக்கின் தலை நட்டு தெரியும். ஒருவர் வெளியே நின்று வண்டியின் பின்மூலையை அமுக்கி அமுக்கி விடட்டும். நீங்கள் உள்ளே உட்கார்ந்து விரல்நுனிகளை அந்த நட்டைச் சுற்றியுள்ள ரப்பர் மேல் வையுங்கள். நல்ல புஷ் மெத்தென்று அமுங்கும். பழுதான புஷ்ஷில் விரலுக்கு ஒரு சிறு தட்டல் தெரியும்; காதால் கேட்பதற்கு முன்பே விரல் அதை உணர்ந்துவிடும்.

கீழ்முனைப் போல்ட்டுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. டார்ச் அடித்து, போல்ட்டின் தலைக்கும் அது உட்கார்ந்திருக்கும் இரும்புக்கும் இடையே பாருங்கள். வளையம் போல, குங்குமத்தைத் தூவியது போல, மெல்லிய செந்தூள் படிந்திருந்தால் அந்த இணைப்பு அசைகிறது என்று பொருள். இரும்பும் இரும்பும் உராய்ந்து உதிரும் துருத் தூள்தான் அது. அசையாத போல்ட்டைச் சுற்றிச் சேறு இருக்கும். இந்தத் தூள் இருக்காது.

அறிகுறி: வேகத்தடையைத் தாண்டிய பிறகும் ஊஞ்சலாடுதல்

இதுதான் உண்மையான ஷாக் பழுது. பின்மூலையை முழு எடையோடு அமுக்கி விட்டால், வண்டி எழுந்து ஒரு முறை அடங்கி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிய ஷாக் எல்லாம் நல்ல ஷாக் என்று முடிவுகட்ட வேண்டாம். கையால் அமுக்கும் வேகத்துக்கும் சாலைக் குழியின் வேகத்துக்கும் வெகுதூரம். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது.

எண்ணெய்க் கசிவைப் பற்றி ஒரு விளக்கம். ஷாக்கின் மேற்பகுதியில் மெல்லிய ஈரப் படலம் தெரிவது பழுதல்ல. உள்ளே போய் வரும் தண்டு சிறிதளவு எண்ணெயை வெளியே பூசிக்கொண்டுதான் வரும். ஷாக்கின் உடல் முழுவதும் வழிந்து, அதில் மண் ஒட்டிக் கறுத்த களியாகிவிட்டால்தான், எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கும் சீல் போய்விட்டது. சந்தேகம் இருந்தால் துணியால் துடைத்துவிட்டு 200 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடியும் பாருங்கள். பட்டறையில் ‘ஷாக் அப்சர்வர் லீக்’ என்று சொல்லி விரலால் தொட்டுக் காட்டும் ஈரத்தை நம்பிப் பணத்தை எடுக்காமல் இருக்க இந்த ஒரு துணி போதும்.

அறிகுறி: ஒரு பக்கம் தாழ்ந்து நிற்றல்

டயர்க் காற்றை இரு பக்கமும் சமமாக்கி, டிக்கியைக் காலி செய்து, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நேர்மேலாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு மூலைக்கும் அளவு வேண்டும். இந்தத் தாள் பின்னால் மறுபடியும் தேவைப்படும். பிறகு வண்டியை அதே இடத்தில் எதிர்த்திசை பார்க்கத் திருப்பி நிறுத்தி மீண்டும் அளக்க வேண்டும். தாழ்வு இப்போது மறுபக்கத்துக்கு மாறிவிட்டால், சாய்ந்திருப்பது உங்கள் தரை, வண்டியல்ல. சில மில்லிமீட்டர் வேறுபாடு எல்லா வண்டியிலும் இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் என்றால் ஸ்பிரிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்முனைச் சுற்றில்தான் உடையும். அந்தச் சுற்று, ஆக்ஸிலின் மேல் ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் உட்கார்ந்திருக்கும். தட்டில் சேறும் நீரும் தேங்கும். சிறு கல் பட்டுப் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு ஒரு புள்ளியாகத் தொடங்கும். வண்டி ஒவ்வொரு முறை அசையும்போதும் அந்தப் புள்ளி முறுக்கப்படும். ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்துத் தோட்டச் சாலைகளில் ஓடிய ஒரு காரில், தட்டுக்குள் களிமண்ணோடு களிமண்ணாகக் கட்டைவிரல் நீளத் துண்டு ஒன்று கிடந்ததை எடுத்தேன். உடைந்த முகம் பாதி கருந்துருவாகவும் பாதி வெள்ளி போலப் பளபளப்பாகவும் இருந்தது: கறுத்த பாதி நெடுநாளைய விரிசல், பளபளத்த பாதி கடைசியாக ஒரே அடியில் போனது. உரிமையாளருக்குச் சத்தமே கேட்டதில்லை. வண்டி ‘கொஞ்சம் சாய்ந்த மாதிரி’ இருப்பதாக அவர் மனைவிதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். தட்டை நீர் பீய்ச்சிக் கழுவாமல் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

உடையாமலேயே தளர்ந்து தாழும் ஸ்பிரிங்கும் உண்டு. அதற்கு அடியில் ரப்பரோ வளையமோ சொருகி உயர்த்தும் வழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. சுற்றுகளுக்கு இடையே சொருகும் ரப்பர், அந்தச் சுற்றின் வேலையை மற்றச் சுற்றுகளின் தலையில் கட்டிவிடுகிறது. ஸ்பிரிங்கை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஷாக்கும் அப்படித்தான்.

அறிகுறி: ஆள் ஏறினால் ‘தொம்’ என்று அடித்தல்

தனியாக ஓட்டும்போது அமைதியாக இருந்து, ஐந்து பேரோடு ஏறும்போது மட்டும் கொண்டை ஊசி வளைவின் உட்புறக் குழியில் முதுகுத் தண்டு வரை உலுக்கும் ஓர் அடி விழுந்தால், பம்ப் ஸ்டாப்பரைப் பாருங்கள். ஷாக்கின் தண்டிலோ ஸ்பிரிங்கின் நடுவிலோ மஞ்சளாகவோ கறுப்பாகவோ உள்ள நுரை போன்ற கட்டை அது. நாளடைவில் பொரி போல உதிர்ந்துவிடும். அது இல்லாமல் போனால் ஷாக் ஒவ்வொரு முறையும் தன் கடைசி எல்லையில் இரும்போடு இரும்பாக மோதும்; புது ஷாக் போட்டாலும் சில மாதங்களில் அதுவும் போகும். ஷாக் வாங்கும்போது பம்ப் ஸ்டாப்பரும் தூசு உறையும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: மெதுவாக அசையும்போது ‘கிரீச்’

காலையில் அதிகமாகவும், மழை நாளில் இல்லாமலும் இருந்தால் ரப்பர் புஷ்தான். வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு புஷ்ஷின் மீதும் தனித்தனியே சோப்புத் தண்ணீரைத் தெளித்து, ஒவ்வொரு முறையும் வண்டியை அமுக்கிப் பாருங்கள். எந்தப் புஷ் நனைந்ததும் சத்தம் மாறுகிறதோ அதுவே இடம். டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடித்தால் உடனே சத்தம் நிற்கும், ஆனால் அந்த எண்ணெய் ரப்பரை ஊறவைத்துக் கொழகொழக்கச் செய்துவிடும். ஆம்னி, அம்பாசிடர் போல, சுருளுக்குப் பதில் அடுக்கிய இரும்புப் பட்டைகளை ஸ்பிரிங்காகக் கொண்ட கமான் பட்டை வண்டிகளில் பட்டைகளுக்கு இடையே எண்ணெய் விட்டுப் பழகிய கைகள், அதே பழக்கத்தை ரப்பர் புஷ்ஷுக்கும் கொண்டுவந்துவிட்டன. அந்தப் பட்டை வண்டிகளில்கூட எண்ணெயைப் பட்டையின் முனை வளையமான கண்ணிப் பகுதி ரப்பரில் படாமல்தான் விட வேண்டும்.

அறிகுறி: வளைவில் பின்பக்கம் தனியே ஒதுங்குதல்

காற்றழுத்தத்தை முதலில் பாருங்கள். ஒரு பின்டயரில் காற்று குறைந்தாலும் இதே உணர்வுதான் வரும். காற்று சரியென்றால் ஆக்ஸில் புஷ்ஷை ஆராய வேண்டும். ரப்பர், உள் இரும்புக் குழாய்க்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஒட்டியிருக்கும். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வயதின் அடையாளம் மட்டுமே. விரல்நகம் உள்ளே இறங்கும் அளவுக்குப் பிளவு, அல்லது ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து பிறை நிலா வடிவில் இடைவெளி தெரிந்தால் அது கிழிந்துவிட்டது. ஒரு மரச்சட்டத்தைச் செருகி மெல்ல நெம்பினால் பிளவு வாய் திறக்கும்.

இதை வீட்டில் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. புஷ்ஷைத் தள்ள, அழுத்தும் இயந்திரமான பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால், புஷ் உட்காரும் துளையான ஆக்ஸிலின் கண் வளையும். புதுப் புஷ்ஷுக்குத் திசையும் உண்டு. ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும், பழையதைத் தள்ளுவதற்கு முன் ஆக்ஸிலில் கோடு போட்டுக்கொண்டால் குழப்பமில்லை. பட்டறையில் செய்யும்போது அருகில் நின்று கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: வேகத்தோடு உயரும் ‘ஊ’ என்ற இரைச்சல்

இது சஸ்பென்ஷன் அல்ல. வீல் பேரிங் அல்லது டயர். முன்டயரையும் பின்டயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். சத்தமும் இடம் மாறினால் டயர், மாறாவிட்டால் பேரிங்.

ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் மாற்றுதல்

முந்தின நாள் இரவே எல்லாப் போல்ட்டுகளின் மரையையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிடுங்கள். மறுநாள் காலையிலும் ஒரு முறை தெளியுங்கள். ஏற்காட்டுப் பனியில் வருடக்கணக்கில் நின்ற வண்டியென்றால் இந்த ஓர் இரவு, உடைந்த போல்ட்டைத் துளையிட்டு எடுக்கும் ஒரு பகல் வேலையை மிச்சப்படுத்தும்.

வண்டி ஸ்டாண்டில் நின்ற பிறகு, ஜாக்கியை ஆக்ஸிலின் கீழ், அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அருகே, ஸ்பிரிங் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து இலேசாகத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்ஸில் மிதமிஞ்சித் தொங்கிவிடாமல் தடுப்பது ஷாக்தான் என்பதால், அதன் போல்ட்டை எடுத்தவுடன் ஆக்ஸில் கீழே விழப் பார்க்கும். அந்த எடை முழுவதும் பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான ஹோஸிலும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் வயரிலும் தொங்கினால் அன்றைய வேலை வேறு விதமாக முடியும். ஷாக்கை மட்டும் மாற்றுவதென்றால் ஒரு பக்கத்தை முழுமையாக முடித்த பின் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். முடிக்காத பக்கம், வாஷர்களின் வரிசையைக் காட்டும் மாதிரியாகவும் பயன்படும். அப்படியும் நான் கழற்றியதைப் பழைய செய்தித்தாளில் கழற்றிய வரிசையிலேயே பரப்பி, கைபேசியில் ஒரு படம் எடுத்துவைக்கிறேன்.

தலை நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் உச்சியில் அதைப் பிடிப்பதற்கென்றே தட்டையான வெட்டோ அறுகோணக் குழியோ இருக்கும். அதைச் சிறிய ஸ்பானரால் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். புது ஷாக்கின் பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிப்பது, வாங்கிய அன்றே அதைக் கொல்வதாகும். குறடின் பல் விட்ட கீறல் ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும்.

பெட்டியில் படுத்துக் கிடந்த இரட்டைக் குழாய் ஷாக்குக்குள் காற்று இடம் மாறியிருக்கும். அதைப் பொருத்தும் நிலையில் நேராக நிறுத்தி, நான்கைந்து முறை முழுமையாக நீட்டி மெதுவாக அமுக்கினால் காற்று மேலே போய்விடும். முதல் இரண்டு அமுக்கலில் தெரியும் வெற்றுத் தொய்வு மூன்றாவதில் மறைவதைக் கையே சொல்லும். நைலான் வளையம் கொண்ட நட்டுகளை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள்.

ஸ்பிரிங்குக்கு, இரு பக்க ஷாக்கின் கீழ்ப் போல்ட்டுகளையும் எடுத்துவிட்டு, ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் கண்ணால் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலை ஜாக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஹோஸ் விறைக்கத் தொடங்கினால் நிறுத்தி, அதன் பிடிப்பை உடலிலிருந்து விடுவியுங்கள். ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வரும். நெம்பி எடுக்கும் நிலை இருந்தால் ஆக்ஸில் இன்னும் இறங்கவில்லை என்றே பொருள். தட்டையும் ரப்பர் சீட்டையும் கழுவித் துடைத்து, புது ஸ்பிரிங்கின் முனை தட்டில் உள்ள படியில் சரியாக முட்டி நிற்கிறதா என்று பார்த்து, பிறகு ஆக்ஸிலை ஏற்றுங்கள். முனை படியைத் தாண்டி உட்கார்ந்தால் வண்டி உயர்ந்தும் நிற்கும், ‘டங்’ என்றும் அடிக்கும். சில வண்டிகளில் பின் ஆக்ஸிலின் உயரத்தை வைத்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கம்பி வால்வோடு இணைந்திருக்கும். அதன் நிலையை மாற்றாமல், வளைக்காமல் வைத்திருங்கள்.

மாற்றிய பிறகு வரும் கோளாறுகள்

புதுப் புஷ் ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது, வண்டி பின்பக்கம் தூக்கி நிற்கிறது, சவாரி மரக்கட்டை போல இருக்கிறது என்ற மூன்று குறைகளுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கியது. புஷ்ஷின் உள் குழாயைப் போல்ட்டு இறுக்கிப் பிடித்துவிடுகிறது. அதன் பின் ஆக்ஸில் அசைவதெல்லாம் ரப்பரின் முறுக்கத்தால் மட்டுமே. தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் சாதாரண நிலையிலேயே ரப்பர் பிழிந்த துணி போல முறுகிக் கிடக்கும். அதற்கு மேல் குழியில் இறங்கினால் கிழியாமல் என்ன செய்யும்?

எனவே ஷாக்கின் கீழ்ப் போல்ட்டைத் தூக்கிய நிலையில் கையிறுக்கமாக மட்டும் வையுங்கள். சக்கரங்களை மாட்டி, அகலமான இரண்டு தடித்த பலகைகள் மேல் பின்டயர்கள் நிற்கும்படி வண்டியை இறக்கி, ஜாக்கியை எடுத்துவிட்டு, முட்டுக்கட்டைகள் இருக்கும்போதே பின்மூலைகளை நான்கைந்து முறை அமுக்கி விடுங்கள். பழைய தாளில் எழுதிய அளவோடு இப்போதைய உயரத்தை ஒப்பிட்டு, பின்பக்கத்திலிருந்து கையை நீட்டி, கையேடு சொல்லும் அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். உடல் வண்டிக்கு அடியில் போக வேண்டியதில்லை. பட்டறையில் ஆக்ஸில் புஷ் மாற்றும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: ‘அண்ணா, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது டைட் பண்ணுகிறீர்களா, தொங்கும்போதா?’ வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி உள்ள பட்டறையில் இது ஐந்து நிமிட வேலை. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் லிஃப்டில் தொங்கும்போதே முடித்துவிடுவதும் நடக்கிறது.

‘டக்’ சத்தம் புதிதாக வந்தால் தலை நட்டின் வாஷர் தலைகீழாக உட்கார்ந்திருக்கலாம், அல்லது செய்தித்தாளில் ஒரு வாஷர் மிச்சமிருக்கலாம். வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். சிறிய கார்கள் பலவற்றில் இந்த அளவு 80 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் அடங்கும், உங்கள் வண்டியின் சரியான எண் கையேட்டில் இருக்கும். ஆக்ஸிலைக் கழற்றியிருந்தால் நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் பார்க்கும் கோணம் சரியா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்பு வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். சமதளத்தில் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகும், முதல் முறை ஏற்காடு ஏறி இறங்கிய பிறகும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் போல்ட்டைத் தொடாதீர்கள். முறிந்திருந்தால், அதைக் கழற்றி மரையைப் பார்த்து, புது நட்டு போட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி இறுக்குங்கள்.